விராலின் வலக்கன்னம்

"பொம்மைய அளந்து வண்டி கட்டச் சொல்றியா பாப்பா? வண்டிய அளந்து பொம்ம செய்றதைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கேன்."

தேனியில் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையின் டிங்கர் மேஸ்திரி என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றி, இருபது அங்குல நீளத்தில் நான் செய்த மர லாரி ஒன்றைக் கையில் ஏந்தியிருந்தேன். பக்கத்தில் அப்பா நின்றார். எங்களுக்கு எதிரே, பட்டறை வாசலில், அப்பா ஓட்டிய நிஜ லாரி மூக்கு நசுங்கி நின்றது. மேஸ்திரி சின்னதையும் பெரியதையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுல எதுக்கு மொதல்ல சூடம் காட்டணும்னு சொல்லிரு, ஆரம்பிச்சுருவோம்" என்றார். பட்டறையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த லாரியைச் சின்னமனூர்ப் பக்கம் யாரும் லாரி என்று சொல்வதில்லை. அதன் பெயர் விரால். மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த யாரோ ஒருவர், என் அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்தில், சேசிஸை மட்டும் வாங்கி மேல்பகுதி முழுவதையும் தன் ஆசைக்குத் தனியாகக் கட்டச் சொன்ன வண்டி அது. அதில் மூலை என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூக்கு முன்னால் நீண்டு, தணிந்து, வழுக்கிக்கொண்டு போய் முடியும். ஹெட்லைட் இரண்டும் மட்கார்டுக்குள் புதைந்திருக்கும். கேபினின் கூரை முன்கண்ணாடி மேலிருந்து ஒரே சரிவாகப் பின்னால் இறங்கும். காற்று முட்டாமல் தடவிக்கொண்டு போவதற்காக அப்படிக் கட்டினார்களாம். முதல் கியரில் முனகிக்கொண்டு மலையேறுகிற வண்டிக்குக் காற்றைப் பற்றி என்ன கவலை என்று அப்பா கேட்பார். ஆனாலும் தினமும் காலையில் அதன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார்.

எஸ்டேட்காரரிடமிருந்து கைமாறி அது வாழைக்காய் கமிஷன் கடை முதலாளியிடம் வந்தது. வண்டியோடு சேர்ந்து அப்பாவும் வந்தார். தோட்டங்களில் வெட்டிய தார்களை ஏற்றிக்கொண்டு தேனி மார்க்கெட்டுக்கும், சில நாள் குமுளிக்கும் போவார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான்தான். நான் மூன்றாம் வகுப்பு வந்த பிறகு, செக்போஸ்ட்டில் கொடுத்த தாள்களையெல்லாம் அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் உட்கார்ந்து வாசிப்பேன். வாசித்து முடிந்ததும், "அம்புட்டுத்தானா? இதுக்கா அந்தாளு அந்த மொறை மொறைச்சாரு?" என்பார். அந்த வீட்டில் படித்தவள் என்கிற கிரீடத்தை நான் மிகச் சீக்கிரமே தலையில் வைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் வரும் தவறு அந்தக் கிரீடத்தால் வந்ததுதான்.

முதல் விராலை ஏழாம் வகுப்பு லீவில் செய்தேன். பூகோளப் பாடத்தில் வரைபட அளவு நடத்தியிருந்தார்கள். ஓர் அங்குலம் இத்தனை மைலுக்குச் சமம் என்றால், ஓர் அங்குலம் ஓர் அடிக்குச் சமமாக ஒரு லாரி இருக்கக் கூடாதா என்று தோன்றியது. வீட்டில் டேப் இல்லை. சாண் கணக்கில் அளந்தோம். அப்பா பின்பக்கத்தை அளந்து சொல்ல, நான் மூக்கை அளந்து நோட்டில் எழுதினேன். கல்யாண முருங்கைக் கட்டை செதுக்குவதற்குச் சோப்பு மாதிரி இருக்கும். கொடிக்கால் ஓரத்தில் வெட்டிப்போட்ட ஒரு கட்டையைக் கொண்டுவந்து பத்து நாள் செதுக்கினேன். செய்து முடித்து நடுவீட்டில் வைத்ததும் அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஆத்தா, இது விராலு இல்ல. விரால முழுங்குன கொக்கு" என்றார். மூக்கு அவ்வளவு நீண்டிருந்தது. அப்பாவின் சாண் ஒன்பதரை அங்குலம், என் சாண் ஏழு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் கையால் பின்பக்கமும் என் கையால் முன்பக்கமும் அளந்த வண்டி வேறு எப்படி வரும்? அம்மா அந்தக் கொக்கைப் பல நாள் கதவுக்கு அண்டக் கொடுத்து வைத்திருந்தாள்.

அதன் பிறகு தையல்காரரிடம் பழைய டேப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது விரால், மூன்றாவது விரால் என்று பள்ளிக்கூடம் முடியும்வரை செய்துகொண்டே இருந்தேன். தக்காளிப் பெட்டிப் பலகையில் பின்பாடி, கழுவிய எக்ஸ்ரே பிலிமில் முன்கண்ணாடி, சைக்கிள் கம்பியில் முன்வலை, ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஒட்டிய சக்கரங்கள். சாக்பீஸ் தூளைப் பசையில் குழைத்துப் பள்ளங்களில் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்துக் கண்ணுக்குத் தெரியாத மேட்டையும் விரல் நுனி கண்டுபிடிக்கும் நிலைமைக்கு வந்திருந்தேன். தெருவில் என்னை லாரிக்காரி என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான்காவது விராலைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு தொடங்கினேன். இந்த முறை மூக்கின் வளைவுகளை விடக் கூடாது என்று முடிவுசெய்தேன். துணி காயப்போடும் அலுமினியக் கம்பியை மூக்கின்மேல் அடிக்கு அடி பதித்து வளைத்து, அந்த வளைவை அப்படியே தாளில் வைத்து வரைந்தேன். விரால் எப்போதும் கடைச் சுவரை ஒட்டித்தான் நிற்கும்; வலப்பக்கம் போய் நிற்க இடமில்லை. அதனாலென்ன? இடப்பக்க வளைவை வரைந்து, தாளை நடுவில் மடித்து, கத்தரியால் வெட்டினேன். பிரித்தால் முழு முகம். முகத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. சமச்சீர் என்று கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பாதி வேலையில் முழு வேலையை முடித்த என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே மயக்கம்.

அது அழகான பொம்மை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான்கு பூச்சு பெயிண்ட் அடித்து, வெயிலில் வைத்தபோது அதன் மூக்கில் வானம் தெரிந்தது. அப்பா குத்தவைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கனயோ இடிக்குது ஆத்தா."

"எங்கன?"

"அதான் தெரியல. இடிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்குப்படி இது சரியா இருக்குப்பா. உங்களுக்குப் படிப்பு இல்ல, சொன்னா புரியாது" என்றேன். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "கணக்குப்படி சரின்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் குரலில் வருத்தம் எதுவும் இருந்ததாக அப்போது எனக்குப் படவில்லை. நான் சொன்ன அந்த வாக்கியத்தை இன்றைக்கு எழுதும்போது, அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைநாளில், மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்த விரால்மேல் பாறை சரிந்தது. அப்பா எதிரே டீக்கடையில் இருந்தார். சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் பெரிய சேதமில்லை. மூக்கும் இரண்டு மட்கார்டும் அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. முதலாளி வந்து பார்த்தார். "மூக்கு இல்லாத விரால வச்சு என்ன செய்ய, கொழம்பு வைக்கவா?" என்றார். மற்ற லாரிகளுக்கு இருப்பதுபோல் சப்பை முகம் வைக்க வேண்டுமென்றால் கேபினையே மாற்ற வேண்டும். அதற்கு அவருக்கு மனமில்லை. பழைய முகம் அப்படியே வந்தால் வண்டி ஓடும், இல்லையென்றால் காயலாங்கடைக்குப் போகும். அவருடைய மற்ற வண்டிகளுக்கெல்லாம் டிரைவர்கள் இருந்தார்கள். விரால் போனால், ஐம்பது வயதில் அப்பா மார்க்கெட்டில் தார் தூக்கத்தான் போக வேண்டும். அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. "மொதலாளி யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாக" என்று மட்டும் சொன்னார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அளவு கொடுத்தால் அடித்துத் தருகிறேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அளவுக்கு எங்கே போவது? விராலுக்குப் போட்டோக்கள் இருந்தன. எல்லாம் ஆயுத பூஜையன்று எடுத்தவை. ஒவ்வொன்றிலும் வாழைக்கன்றும் மாலையும் மூக்கை முழுதாக மறைத்திருந்தன. அப்போதுதான் நான் நான்காவது விராலைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவோடு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

சிரித்து முடித்த பிறகு மேஸ்திரி பொம்மையைக் கையில் வாங்கினார். கட்டைவிரலை மூக்கின்மேல் ஓட்டினார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வெளியதான பாப்பா தெரியுது. ஒவ்வொரு அடிக்கும் குறுக்குவெட்டு இல்லாம நான் தகரத்த எங்கன வளைக்க?" என்றார். குறுக்குவெட்டு வேண்டுமென்றால் பொம்மையை வெட்டத்தான் வேண்டும். வளைத்து வரைந்த பழைய தாள்கள் எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தன.

வீட்டு வாசலில் உட்கார்ந்து முதலில் பெயிண்டைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். பொம்மையில் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பிசகினால் வண்டியில் பன்னிரண்டு நூல், ஒன்றரை அங்குலம். பெயிண்டின் கனம்கூட இருக்கக் கூடாது. பிறகு ஆக்ஸா பிளேடை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து அங்குலத்துக்கு ஒன்றாக அறுத்தேன். அப்பா திரும்பி நின்றுகொண்டார். அம்மா எட்டிப்பார்த்து, "வெண்டிக்காயக்கூட நீ இம்புட்டு ஒழுங்கா அரிஞ்சதில்லடி" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து வரைந்து, பன்னிரண்டு மடங்கு பெருக்கி, பெரிய பழுப்புத்தாள்களில் வரைந்தேன். அந்தத் தாள்களைத் தரையில் விரித்தபோது எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை.

மேஸ்திரி அந்தத் தாள்களை வைத்து அட்டை வெட்டி, அட்டைக்குத் தகரம் அடித்தார். சனி, ஞாயிறுகளில் நான் போய் அட்டையைத் தகரத்தின்மேல் வைத்து வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பேன். "எம் மாமியாகூட இம்புட்டுக் குத்தம் பாத்ததில்ல" என்பார். ஆனால் நான் கைகாட்டிய இடத்தில் மறுபடி தட்டுவார். மூன்றே வாரத்தில் விராலுக்கு மூக்கு முளைத்தது. பெயிண்ட் இல்லாத வெறும் தகர மூக்கு, வெள்ளியில் செய்தது போலிருந்தது. முதலாளி மாலையோடு வந்தார்.

அப்பா ஏறி வண்டியைக் கிளப்பினார். பட்டறை மைதானத்தில் ஒரு சுற்று. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் வலப்பக்கம் முழுக்க ஒடித்தபோது, டங்கென்று ஒரு சத்தம். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கை, வலது மட்கார்டின் உள்தகரத்தில் மோதி நின்றது. அப்பா மெதுவாகப் பின்னால் எடுத்து மறுபடி ஒடித்தார். மறுபடி டங். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் சொன்ன வார்த்தை எனக்குக் காதுக்குள் கேட்டது. இடிக்குது. இப்போது நிஜமாகவே இடித்தது.

முதலாளி மேஸ்திரிமேல் பாய்ந்தார். "என்னய்யா, கண்ண மூடிக்கிட்டா தட்டுன? ஊரு பூரா சொல்லிட்டு மாலையோட வந்து நிக்கேன்!" மேஸ்திரி குனிந்து உள்ளே பார்த்தார். தாளை எடுத்துப் பார்த்தார். தகரத்தில் அட்டையை வைத்துப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு, "எங் கை எங்கனயாச்சும் பெசகியிருக்கும் மொதலாளி" என்றார்.

அவர் கை பிசகவில்லை என்று அந்த மைதானத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேசாமல் இருந்திருந்தால் என் பொம்மை நல்ல பெயரோடு இருந்திருக்கும். பாலிடெக்னிக் படிக்கிற பெண் கொடுத்த அளவு சரி, அடித்தவன் சரியில்லை என்று முடிந்திருக்கும். ஆனால் அவர் அதே தாளை வைத்து மறுபடி அடித்திருப்பார், மறுபடி இடித்திருக்கும், விரால் காயலாங்கடைக்குப் போயிருக்கும். என் பொம்மையைப் பார்த்துச் சிரித்த மனிதர், என் தாளைச் சந்தேகப்படாமல் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவுக மேல தப்பு இல்ல. எம் மேலதான். வலப்பக்கத்த நான் அளக்கவே இல்ல. இடப்பக்கத்த மடிச்சு வெட்டிட்டேன்" என்றேன்.

மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மட்கார்டைப் பார்த்தார். "அட, ஆமாய்யா! ஸ்டீரிங் பெட்டி இருக்க பக்கமில்ல? அதுக்கு எடம் விட்டு வலது கன்னத்த மட்டும் பிதுக்கிருப்பான்" என்றார். எவ்வளவு பிதுக்கியிருந்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை. நசுங்கிய பழைய தகரம் எதையும் சொல்லும் நிலைமையில் இல்லை.

அப்பா இன்னும் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடி, யாரையும் பார்க்காமல், "இங்கன ஒக்காந்தா எனக்கு வலது மட்கார்டு முழங்கை மாதிரி துருத்திக்கிட்டுத் தெரியும். ரோட்டு ஓரத்துக் கல்ல மறைக்கும். இப்ப கல்லு தெரியுது" என்றார்.

நான் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மட்கார்டு பக்கத்தில் போய் நின்றேன். அட்டையைத் தகரத்தின்மேல் நிறுத்தி, மெல்ல வெளியே நகர்த்தினேன். அப்பா முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... ஏ, கூடிப்போச்சு, உள்ள வா... நில்லு. இதான் அவன்" என்றார். அவன் என்று சொன்னார், யாரோ ஊருக்குப் போயிருந்தவன் திரும்பி வந்ததுபோல. நான் பென்சிலால் கோடு போட்டு டேப் வைத்தேன். ஒன்றரை அங்குலம். என் பொம்மையில் அது ஒரே ஒரு நூல். பதினாறு வருஷம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்த கண்ணுக்கு, அன்று பொம்மை முன்னால் குத்தவைத்துப் பார்த்தபோதே அந்த ஒரு நூல் இடித்திருக்கிறது. எங்கே என்று சொல்ல மட்டும் அவரிடம் வார்த்தை இல்லை. என்னிடம் வார்த்தை நிறைய இருந்தது.

"நீங்க அன்னைக்குச் சொன்ன எடந்தான்ப்பா இது" என்றேன்.

"நான் எந்த எடம்னு சொல்லலியே ஆத்தா" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

மேஸ்திரி மட்கார்டைக் கழற்றி மறுபடி அடித்தார். நான்காம் நாள் அப்பா மைதானத்தில் இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து எட்டுப் போட்டுக் காட்டினார். சத்தமில்லை. முதலாளி மேஸ்திரியின் தோளில் ஒரு மாலையும் வண்டிக்கு ஒரு மாலையும் போட்டார். எனக்கு மாலை மிச்சமில்லை. ஆனால் மேஸ்திரி அன்றிலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "என்ன டிராயிங்கம்மா, சௌக்கியமா?" என்பார். பட்டறைக்கு யாராவது பழைய வண்டியைக் கொண்டுவந்தால், "ஒரு பிள்ள இருக்கு. பொம்ம செஞ்சு கொடுக்கும். தப்பு இருந்தா தப்புன்னும் சொல்லும்" என்று என்னிடம் அனுப்பினார். டிப்ளமோ சான்றிதழைவிட அந்தச் சிபாரிசில் எனக்குப் பெருமை அதிகம்.

ஐந்தாவது விராலை நிதானமாகச் செய்தேன். முதலாளியைக் கெஞ்சி, வண்டியை மைதானத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்தேன். வலக்கன்னம் ஒரு நூல் பிதுங்கிய அந்தப் பொம்மை இப்போது கமிஷன் கடையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சில பேர், "கொஞ்சம் கோணலா இருக்கே" என்பார்களாம். அங்கே தார் இறக்க வந்து நிற்கும் அப்பா, "எம் மக அளந்தது. கோணல் அம்புட்டும் கணக்குப்படி" என்று பதில் சொல்வாராம். முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து, மதுரைப் பக்கம் பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவோம். ஒரு பக்கம் வரைந்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் மறுபக்கம் தானாக வந்துவிடும். அந்தப் பொத்தானைத் தட்டும்போதெல்லாம் என் விரல் ஒரு கணம் தயங்கும்.

போன மாதம் குமுளியிலிருந்து ஒருவர் மேஸ்திரியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தேடி வந்தார். ஏலக்காய் வியாபாரம் செய்பவர். அவருடைய அப்பா வைத்திருந்த, இதேபோல் வழுவழுவென்று மூக்கு நீண்ட வண்டிக்கு ஒரு பொம்மை வேண்டும் என்றார். வண்டி உடைக்கப்பட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அளக்க ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு போட்டோ, அதுவும் இடப்பக்கம் மட்டும். "மோளே, இது போதுமா?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார். டயர் அளவு தெரியும், அதை வைத்து மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம், ஆனால் இந்த வண்டியை ஓட்டியவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். கம்பம் ஊரில் ஒருவர் இருக்கிறார் என்றார்.

கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். தேனியில் மேஸ்திரியின் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை என் பெயருக்கு எழுதி வாங்கி, கரண்டு இழுத்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் போய் அந்த டிரைவரைப் பார்த்தேன். அவர் வீட்டு நாற்காலியை நடுவில் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். ஸ்டீரிங் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சுவரில் நான் அட்டையைப் பிடித்தேன். காலையிலிருந்து மத்தியானம்வரை, சண்டை போட்டு, திருத்தி, மறுபடி சண்டை போட்டு, இரண்டு பக்க அளவையும் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் கட்டையை அறுத்துவிட்டேன்.